சம்மட்டிக்கும் தப்பிய இயந்திரம்: பின்போல் விளையாட்டின் கதை

நியூயோர்க் மாநகரின் பழைய பத்திரிகைப் படங்களைப் புரட்டியவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். கோட்டும் தொப்பியும் அணிந்த உயர் அதிகாரிகள் சம்மட்டியை ஓங்கியபடி நிற்பார்கள். அவர்களின் காலடியில், கண்ணாடி பதித்த மேசைகளைப் போன்ற சில இயந்திரங்கள் நொறுங்கிக் கிடக்கும். சுற்றிலும் பொலிஸார். எதிரே படப்பிடிப்பாளர்கள். விபரம் அறியாத ஒருவர் அவை கள்ள நோட்டு அச்சடித்த இயந்திரங்கள் என்றுகூட எண்ணக்கூடும். ஆனால், நாணயம் ஒன்றைப் போட்டு இரும்புக் குண்டு ஒன்றை உருட்டி விளையாடும் "பின்போல்" இயந்திரங்களே அவை.

ஓர் அரசு ஏன் ஒரு விளையாட்டுச் சாமானைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், சட்டம், சூதாட்டம், வணிகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு நூற்றாண்டு வரலாறு விரிகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இந்த விளையாட்டு மீண்டும் தலைநிமிர்ந்திருப்பதால், அந்த வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும்.

இதனைக் கண்டிராத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். கால்களின் மேல் நிற்கும், சற்றே சரிந்த ஒரு பலகை. சரிவு ஆறரைப் பாகை அளவுதான். அதன் மேல் 80 கிராம் எடையுள்ள ஓர் உருக்குக் குண்டு. சுருள்வில் பொருத்திய தண்டை இழுத்துவிட்டால் குண்டு மேலே பாய்ந்து, தடைகளிலும் மணிகளிலும் மோதிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு கீழே உருண்டு வரும். அடியில் "பிளிப்பர்" எனப்படும் இரண்டு சிறு துடுப்புகள் உண்டு. இரு பக்கத்துப் பொத்தான்களையும் உரிய கணத்தில் அழுத்தினால் அவை குண்டை மீண்டும் மேலே அடித்தனுப்பும். தவறினால் குண்டு குழிக்குள் விழும். ஆட்டம் அவ்வளவுதான்.

இதன் மூதாதை பிரான்ஸ் நாட்டின் "பகடெல்" என்ற மேசை விளையாட்டாகும். 1871ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறியிருந்த மொன்டேகு ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர், கோலால் குண்டைத் தள்ளும் முறையை மாற்றிச் சுருள்வில் தண்டைப் பொருத்தி அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், இது பெருந்தொழிலாக மாறியது 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில்தான். 1931இல் சிகாகோவைச் சேர்ந்த டேவிட் கொட்லீப் "பபிள் போல்" என்ற மேசையை 17.50 டொலருக்கு விற்றார். ஒரு சதம் போட்டால் சில குண்டுகள் கிடைக்கும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மேசைகள் விற்பனையாகின. அவரிடம் வாங்கி விற்றுவந்த ரேமண்ட் மொலோனி, தமக்குப் போதிய மேசைகள் கிடைக்காமற் போகவே "பலிஹூ" என்ற சொந்த மேசையைத் தயாரித்தார். "பலி" என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் அதிலிருந்து பிறந்ததே. வேலையிழந்து வீதியில் நின்ற மக்களுக்கு, ஒரு சதத்துக்குச் சில நிமிட மகிழ்ச்சியைத் தரக்கூடிய வேறு பொருள் அன்று அதிகம் இருக்கவில்லை.

பெருமந்த காலத்தின் இந்த எளிய மகிழ்ச்சியே பின்னர் அதற்கு வினையாக முடிந்தது. அந்நாளைய மேசைகளில் துடுப்புகள் இல்லை. குண்டை விட்டுவிட்டால், அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஆடுபவர் செய்யக்கூடியது அதிகமில்லை. மேசையைத் தட்டியும் உலுக்கியும் குண்டைத் திருப்பப் பலர் முயன்றார்கள். இதைக் கண்ட வடிவமைப்பாளர் ஹரி வில்லியம்ஸ் முதலில் மேசையின் அடியில் ஆணிகளைப் பொருத்தினார் என்றும், கையைக் காயப்படுத்தும் அந்த முறை சரிவராது என உணர்ந்து பின்னர் ஊசலாடும் குண்டு ஒன்றைக்கொண்டு "டில்ட்" என்ற அமைப்பை உருவாக்கினார் என்றும் சொல்லப்படுகிறது. மேசையை அளவுக்கு மீறி அசைத்தால் ஆட்டம் முடிந்துவிடும். சிறிது அசைக்கலாம், அதிகம் அசைக்கக் கூடாது என்ற அந்த நுட்பமான எல்லை இன்றும் இவ்விளையாட்டின் இலக்கணமாக இருக்கிறது.

வெற்றி பெற்றவருக்கு நாணயத்தைத் திருப்பிக் கொட்டும் மேசைகளும் 1930களில் வந்துசேர்ந்தன. கடைக்காரர்கள் பரிசுப் பொருட்களையும் கொடுத்தார்கள். இவ்விடத்தில்தான் சட்டத்தின் கண் விழித்தது. 1939இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இதனைத் தடைசெய்தது. 1942 ஜனவரியில், பேர்ள் துறைமுகத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், நியூயோர்க் மாநகர முதல்வர் பியோரெல்லோ லாகார்டியா தடையைக் கொண்டுவந்தார். பாடசாலைப் பிள்ளைகளின் சில்லறையை இந்த இயந்திரங்கள் விழுங்குகின்றன என்பதும், பாதாள உலகக் கும்பல்கள் இதன் பின்னால் இருக்கின்றன என்பதும் அவருடைய வாதம். பொலிஸார் சுற்றிவளைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களைக் கைப்பற்றினார்கள். உலோகம் போர்த் தேவைக்குச் சென்றது. மரக்கால்கள் பொலிஸாரின் குண்டாந்தடிகளாயின என்பது அக்காலச் செய்தி.

லாகார்டியாவின் வாதத்தில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. அன்றைய மேசைகளில் பல உண்மையிலேயே சூதாட்டக் கருவிகளாகத்தான் பயன்பட்டன. ஆனால், தடை வந்து ஐந்தே ஆண்டுகளில் இயந்திரமே மாறிவிட்டது. 1947இல் கொட்லீப் நிறுவனத்தின் ஹரி மாப்ஸ், "ஹம்ப்டி டம்ப்டி" என்ற மேசையில் மின்சாரத்தால் இயங்கும் ஆறு துடுப்புகளைப் பொருத்தினார். மறு ஆண்டு ஸ்டீவ் கோர்டெக் என்பவர் "டிரிப்பிள் அக்ஷன்" என்ற மேசையில் அவற்றை இரண்டாகக் குறைத்து, மேசையின் அடியில் வைத்தார். அந்த அமைப்பே நிலைத்தது. நூறு வயது வாழ்ந்து 2012இல் மறைந்த கோர்டெக், தம் கைவினையின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றைக் கண்ணாரக் கண்டவர்.

துடுப்பு வந்தபின் ஆட்டத்தின் தன்மையே வேறாகிவிட்டது. குண்டை நிறுத்தலாம், குறிபார்த்து அடிக்கலாம், ஒரு துடுப்பிலிருந்து மறு துடுப்புக்குக் கடத்தலாம். அதிர்ஷ்டத்தை நம்பியிருந்த ஆட்டம் பயிற்சியால் கைவரும் கலையாயிற்று. ஆனால், சட்டம் பழைய மேசையையே மனதில் வைத்துக்கொண்டிருந்தது. இலவசமாக ஓர் ஆட்டம் கிடைப்பதும் பரிசுதான், ஆகவே அது சூதாட்டமே என்று கருதிய இடங்களும் இருந்தன. அந்த இடங்களுக்காக, இலவச ஆட்டத்துக்குப் பதிலாக மேலதிகக் குண்டு ஒன்றை மட்டும் வழங்கும் மேசைகளை 1960 முதல் கொட்லீப் நிறுவனம் தயாரித்தது. சட்டத்தின் சொற்களுக்கேற்ப இயந்திரத்தின் உறுப்புகள் மாறிய விந்தை இது. இதைவிடப் பெரிய விந்தை, இந்தக் கைத்தொழிலின் தலைநகரான சிகாகோவிலேயே இதை ஆடுவதற்குத் தடை இருந்தமையாகும். உலகத்துக்கே மேசைகளை ஏற்றுமதி செய்த தொழிலாளி, தான் செய்த மேசையில் தன் ஊர்க் கடையொன்றில் ஆடிப் பார்க்க முடியாது!

1974இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம், பின்போல் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையையே பெரிதும் சார்ந்தது என்று கூறி லொஸ் ஏஞ்சல்ஸ் தடையை நீக்கியது. நியூயோர்க்கின் முறை இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அந்தக் கதையின் நாயகன் ஒரு பத்திரிகையாளர் என்பதால், எனக்கு அதில் தனிப் பிடிப்பு உண்டு.

அவர் பெயர் ரொஜர் ஷார்ப். வயது அப்போது முப்பதைத் தொடவில்லை. பல்கலைக்கழக நாட்களில் இவ்விளையாட்டில் தோய்ந்தவர். சஞ்சிகை ஒன்றில் பணியாற்ற நியூயோர்க் வந்தபின், ஆடுவதற்கு ஒழுங்கான மேசை ஒன்றுகூடக் கிடைக்காததைக் கண்டு அதைப் பற்றி எழுதப் புறப்பட்டார். எழுதுவதற்காகத் தேடத் தேட விடயம் பெருகி, கட்டுரை ஒரு நூலாகவே வளர்ந்தது. அந்தத் தேடலினால் அவர் இத்துறையின் நிபுணரானார். ஆகவே, தடையை நீக்குவது குறித்து மாநகர சபைக் குழு 1976 ஏப்ரலில் விசாரணை நடத்தியபோது, தொழிற்றுறையினர் அவரைச் சாட்சியாக அழைத்தார்கள்.

விசாரணை மண்டபத்துக்கு இரண்டு மேசைகள் கொண்டுவரப்பட்டன. ஒன்று ஆடிக் காட்டுவதற்கு, மற்றையது பழுது ஏற்பட்டால் உதவுவதற்கு. முதல் மேசையில் ஏதேனும் தந்திரம் செய்திருப்பார்களோ என்று ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், இரண்டாவதிலேயே ஆடவேண்டும் என்றார். ஷார்ப்புக்கு அதில் அவ்வளவு பழக்கமில்லை. படப்பிடிப்பாளர்கள் சூழ்ந்து நிற்க அவர் ஆடினார். குறிப்பிட்ட இலக்குகளைச் சொல்லிச் சொல்லி அடித்தார். உறுப்பினர்களின் முகத்தில் இறுக்கம் தளரவில்லை. இறுதியாக, சுருள்வில் தண்டை உரிய அளவில் இழுத்துவிட்டால் குண்டு மேலே உள்ள வழிகளில் நடுவழியாக இறங்கும் என்று அறிவித்தார். தண்டை இழுத்தார், விட்டார். குண்டு அவர் சொன்ன வழியிலேயே இறங்கியது. போதும், நிறுத்துங்கள் என்ற நிலைக்குக் குழு வந்துவிட்டது. முப்பத்துநான்கு ஆண்டுத் தடை அந்த ஆண்டிலேயே நீங்கியது. அந்தக் கடைசி அடியில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்பதைப் பிற்காலத்தில் ஷார்ப்பே ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்நிகழ்வை வைத்து எடுக்கப்பட்ட திரைப்படம் ஒன்று 2023இல் வெளியாகிப் புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தியது.

பத்திரிகையாளர்களாகிய நாம் எழுதுவதெல்லாம் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடுகிறது என்று சலித்துக்கொள்வது வழக்கம். ஒரு சஞ்சிகைக் கட்டுரைக்காகத் தொடங்கிய தேடல் ஒரு மாநகரின் சட்டத்தையே மாற்ற உதவிய இச்சம்பவம், அந்தச் சலிப்புக்கு நல்லதொரு பதில்.

தடை நீங்கியதும் நல்ல காலம் வந்தது. மின்னணுத் தொழில்நுட்பம் மேசைக்குள் புகுந்தது. எனினும், அதே தொழில்நுட்பம் போட்டியாளரையும் பெற்றெடுத்தது. 1978இல் "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்", 1980இல் "பக்-மான்" என வந்த திரை விளையாட்டுகளிடம் பின்போல் பின்வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் மீண்டும் எழுந்தது. பட் லோலர் வடிவமைத்து 1992இல் வெளியான "அடம்ஸ் பமிலி" மேசை 20,270 எண்ணிக்கையில் விற்பனையாகிச் சாதனை படைத்தது. வீட்டுத் தொலைக்காட்சியிலேயே ஆடும் வசதி பெருகியதும் அந்த எழுச்சியும் தணிந்தது. 1996இல் கொட்லீப்பின் பெயர் தாங்கிய நிறுவனம் மூடப்பட்டது. வில்லியம்ஸ் நிறுவனம், மேசையின் மீது திரைப் படங்களைப் பிரதிபலிக்கச் செய்யும் "பின்போல் 2000" என்ற புதுமையை 1999இல் கொண்டுவந்து இறுதி முயற்சி செய்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி தனது பின்போல் பிரிவையே மூடிவிட்டது.

ஏன் மூடியது என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது. அந்நிறுவனம் நலிந்துபோகவில்லை. கசினோக்களுக்கான சூதாட்ட இயந்திரங்களைத் தயாரிப்பதில் அதற்குக் கிடைத்த இலாபத்தோடு ஒப்பிட்டால், பின்போல் தரும் வருமானம் அற்பமாகத் தோன்றியது. பலி என்ற பெயரும் இன்று கசினோ இயந்திரங்களிலேயே பெரிதும் காணப்படுகிறது. சூதாட்டக் கருவி என்று குற்றஞ்சாட்டப்பட்டு உடைக்கப்பட்ட விளையாட்டு, "நான் சூதாட்டம் அல்ல" என்று நிரூபித்துக் கால் நூற்றாண்டு கழியுமுன், உண்மையான சூதாட்டத்துக்கு இடம்விட்டு வெளியேற்றப்பட்டது. சம்மட்டி செய்ய முடியாததைக் கணக்கேடு செய்து முடித்தது என்றே சொல்லவேண்டும்.

எஞ்சியது ஒரே ஒரு பெரிய உற்பத்தியாளர். வில்லியம்ஸ் நிறுவனத்தில் ஒருகாலத்தில் பங்காளராக இருந்த சாம் ஸ்டேர்னின் மகன் கரி ஸ்டேர்ன், சேகா நிறுவனத்தின் பின்போல் பிரிவை 1999இல் வாங்கித் தம் பெயரில் நடத்தினார். அடுத்த பத்தாண்டுக்கு மேலாகப் புதிய மேசைகள் பெரும்பாலும் அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வந்தன.

ஆனால், இவ்விளையாட்டை உண்மையில் காப்பாற்றியவர்கள் உற்பத்தியாளர்கள் அல்லர். மதுச்சாலைகளின் பின்கட்டுகளிலும் களஞ்சியங்களிலும் தூசுபடிந்து கிடந்த மேசைகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, வீட்டு நிலவறைகளுக்கு இழுத்துச் சென்று, மின்காந்தச் சுருள்களையும் இறப்பர் வளையங்களையும் ஒவ்வொன்றாக மாற்றி உயிர்ப்பித்த சாதாரண மனிதர்களே அதைச் செய்தார்கள். ஒரு மேசைக்குள் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ளன. ஓயாமல் அதிரும் இயந்திரம் ஆகையால் அடிக்கடி பழுதாகும். பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாவிட்டால் அது வெறும் மரப்பெட்டி. அந்த அறிவைக் கைமாற்றிக்கொள்ள இணையம் அவர்களுக்கு உதவியது.

மிச்சிகன் மாநிலத்தில் விளையாட்டுக்கூடம் நடத்திய டிம் ஆர்னோல்ட் என்பவர், தாம் சேர்த்த மேசைகளைக்கொண்டு 2006இல் லாஸ் வேகாஸ் நகரில் "பின்போல் புகழ்மண்டபம்" என்ற கூடத்தைத் திறந்தார். இலாப நோக்கற்ற அந்த இடத்தில் மேசைகளைப் பார்ப்பதோடு நாணயம் போட்டு ஆடவும் செய்யலாம். 2021இல் அது கசினோக்களுக்குப் பெயர்போன நெடுவீதிக்கே இடம்பெயர்ந்தது. சூதாட்ட இயந்திரங்களுக்காகக் கைவிடப்பட்ட விளையாட்டு, சூதாட்டத்தின் தலைநகரிலேயே தன் நூதனசாலையை அமைத்துக்கொண்டது.

2006ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. செயலற்றிருந்த சர்வதேச பின்போல் சங்கம் புத்துயிர் பெற்று, போட்டிகளை ஒருங்கிணைத்து உலகத் தரவரிசை ஒன்றை வெளியிடத் தொடங்கியது. இதில் முன்னின்றவர்களுள் ஜோஷ், சாக் என்ற சகோதரர்கள் முக்கியமானவர்கள். இருவரும் ரொஜர் ஷார்ப்பின் புதல்வர்கள். இது திறமையின் ஆட்டம் என்று தந்தை ஒரு குண்டை உருட்டிக் காட்டினார். புதல்வர்களோ அதையே கணக்கிட்டுப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். தொடக்கத்தில் சில நூறு பேரைக் கொண்டிருந்த அந்தப் பட்டியலில் பின்னர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றார்கள். வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் அதே சிலர் ஆண்டுதோறும் முன்னணியில் நிற்பது எப்படி? 1942இல் இந்தப் பட்டியல் இருந்திருந்தால் சம்மட்டிக்கு வேலை இருந்திராது.

ஆண்களின் கூடாரமாகக் கருதப்பட்ட இடத்தில் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். 2013இல் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரில் தொடங்கிய பெண்கள் குழு பல நகரங்களுக்குப் பரவியது. வேடிக்கை என்னவெனில், அதே ஒக்லண்டில் 1930களில் வந்த பின்போல் தடை அப்போதும் ஏட்டில் இருந்தது. 2014இல்தான் அது நீக்கப்பட்டது. இந்தியானா மாநிலத்தின் கொகோமோ நகரம் தனது தடையை 2016 டிசம்பரில் நீக்கியது. யாரும் அமுல்படுத்தாத சட்டமும் எவ்வளவு நீண்ட ஆயுள் பெறுகிறது என்பதை நமது நாட்டவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆர்வலர்கள் பெருகியதும் உற்பத்தியும் திரும்பியது. 2011இல் நியூஜேர்சியில் தொடங்கிய ஜேர்சி ஜாக் நிறுவனம், பெரிய வண்ணத் திரையுடன் கூடிய "விசார்ட் ஒப் ஓஸ்" மேசையை 2013இல் அனுப்பத் தொடங்கியது. விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு குடும்பம் சிறு பட்டறையில் மேசை செய்யப் புறப்பட்டது. 1997இல் வெளியான "மெடீவல் மட்னஸ்" என்ற மேசையை வேறொரு நிறுவனம் 2015இல் மீண்டும் தயாரித்தது. போட்டிகளில் உலகப் பட்டங்களை வென்ற கீத் எல்வின், தம் வீட்டில் சொந்தமாக ஒரு மேசையை உருவாக்கிப் பார்த்தவர். ஸ்டேர்ன் நிறுவனம் அவரை அழைத்து வேலை கொடுத்தது. அவர் வடிவமைத்த "அயன் மெய்டன்" 2018இலும் "கொட்சில்லா" 2021இலும் வெளியாகிப் பெரும் பாராட்டைப் பெற்றன. ஆடுபவனே ஆக்குபவனாக வந்த இந்த மாற்றம், இவ்விளையாட்டின் மறுவாழ்வை வேறெதனையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

எல்லாமே நற்செய்திதான் என்று இக்கட்டுரையை முடித்துவிட முடியாது. இந்த எழுச்சியின்போது புதிதாகப் புறப்பட்ட சில நிறுவனங்கள், ஆர்வலர்களிடம் முற்பணம் பெற்றுக்கொண்டு மேசைகளைக் கொடுக்காமலே மூடுண்டன. பலரின் சேமிப்பு கரைந்தது. 2020இல் கொவிட் பெருந்தொற்று விளையாட்டுக்கூடங்களைப் பூட்டியபோது வீட்டுக்கென மேசை வாங்குவோர் பெருகி விலைகள் ஏறின. இன்று புதிய மேசை ஒன்றின் சாதாரண வகையே ஏறக்குறைய 7,000 டொலர். சிறப்பு வகைகள் 10,000 டொலரைத் தாண்டுகின்றன. 17.50 டொலருக்குக் கடைக்காரர் வாங்கி, ஒரு சதத்துக்கு எவரையும் ஆடவிட்ட பொருள், வசதி படைத்தோரின் வரவேற்பறையில் பூட்டிவைக்கப்படும் அபாயம் இல்லாமலில்லை. இலினோய் மாநிலத்தின் புரூக்பீல்டில் 2010இல் தொடங்கி, நுழைவுக் கட்டணம் செலுத்தினால் நாள் முழுவதும் ஆட அனுமதிக்கும் "கலொப்பிங் கோஸ்ட்" போன்ற ஆர்கேட் கூடங்களே இதற்கு மாற்று.

நான் தொழில் பழகிய காலத்தில் பத்திரிகைகள் ஈய எழுத்துகளால் அச்சாகின. கணினி வந்தபோது அந்த எழுத்துகள் நிறுவைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டன. அவற்றைக் கோத்த கைகளின் அறிவும் அவற்றோடு போயிற்று. ஒரு பெட்டி எழுத்தையாவது வைத்திருப்போம் என்று எனக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவின் நிலவறைகளில் திருகாணிச் சாவியோடு குனிந்திருந்த அந்த முகம் தெரியாத மனிதர்களைப் பற்றி வாசிக்கும்போது, எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

சட்டம் தடுத்தது, வணிகம் கைவிட்டது. இருந்தும் அந்தக் குண்டு இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. பழுதானதைத் தூக்கி எறியாமல் திறந்து பார்த்த சிலர் இருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.